ரங்கி அண்ணியின் இடது கை

நடந்ததைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கணினிக் கோளாறு என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நானும் முதலில் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் அண்ணன் ஹேமியின் மனைவி ரங்கி. ராக்லன் கடற்கரைப் பாறையில் சிப்பி பறிக்கப் போன இடத்தில், அலை அண்ணியையும் மகள் கஹுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏழு வயதுக் கஹு பிழைத்தாள். அண்ணி பிழைக்கவில்லை. அன்று முதல் கஹுவின் வாயில் ‘அம்மா’ என்ற சொல்லே வரவில்லை. குழந்தை எப்படிக் கிடைத்தாள் என்று அண்ணனும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணி ஒரு குட்டி அனிமேஷன் படத்துக்கு வரைந்து வைத்திருந்தார். ஓர் அம்மாவும் மகளும் கடற்கரையில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. எங்கள் மாவோரி வழக்கப்படி, ஒரு வருடம் கழித்துக் கல்லறைக் கல்லை மூடிய துணியை விலக்குவோம். அன்று கஹுவுக்கு அதைக் காட்ட வேண்டும். அதற்குள் முடித்தே தீருவது என்று அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்தேன்.

அனிமேஷன் பொம்மைக்கு எலும்பு பூட்டுவதுதான் என் பிழைப்பு. தலை, மேல்கை, முன்கை, உள்ளங்கை என்று தனித்தனி அடுக்காக வரைந்து தருவார்கள். நான் திரையில் எலும்புகளை வைத்து, எந்தத் துண்டு எந்த எலும்போடு போக வேண்டும் என்று கட்டிவிடுவேன். எலும்பை அசைத்தால் துண்டும் அசையும்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அது நல்ல பகல், காலை பத்து மணி. வெளியே தூறல்.

படத்தை ஓட்டினேன். மகள் முன்னால் நடந்தாள். அம்மாவின் இடது கை மணிக்கட்டில் கழன்று, மகளோடேயே போனது.

பார்த்தால், அம்மாவின் கையை மகளின் மேல்கை எலும்பில் கட்டியிருக்கிறேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் தவறுதான். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“ஒரு கையக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியல. இதுக்குச் சம்பளம் வேற.”

“போண்ணா, போய் டீ போடு.”

சிரித்துக்கொண்டே மாற்றிக் கட்டினேன். சேமித்தேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன்.

கை மகளோடு போனது.

திரும்பவும் மாற்றினேன். இனி மாறவே முடியாதபடி அந்த அடுக்கையே பூட்டினேன். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டு ஓட்டினேன்.

மறுபடியும் மகளோடு...

இந்த முறை சிரிப்பு வரவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

டிக்.

நான் தொடவில்லை.

அந்த உள்ளங்கை ஒரே துண்டுப் படம். விரல்களுக்கு நான் எலும்பே வைக்கவில்லை. மடங்க வழியே கிடையாது.

மடங்கின...

ஒவ்வொன்றாக.

ஐந்து விரலும் மகளின் மேல்கையை இறுக்கிப் பிடித்தன.

“விட்டுடுங்க அத்தை.”

தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்த கஹு, கதவருகில் நின்றாள்.

“எத விடச் சொல்ற?”

“அந்தக் கைய. நீங்க பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறீங்க. அம்மாவுக்குப் பிடிக்கல.”

அம்மா. ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். பயம் எங்கே போனதோ, அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தக் கையை நான் அதன் பிறகு பிரிக்கவில்லை.

துணி விலக்கிய அன்று, கல்லறையிலிருந்து வந்து கை கழுவி, சாப்பாடு முடிந்ததும் மண்டபச் சுவரில் படத்தைப் போட்டோம். அண்ணன் கதறிவிட்டான். என் பக்கத்தில் இருந்த நிகோரா மாமா மட்டும் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். மீட்புப் படகு ஓட்டுகிறவர் அவர்.

“அந்தக் கைய அந்த இடத்துல வைக்கச் சொன்னது யாரும்மா?”

“யாரும் சொல்லலையே. ஏன் மாமா?”

சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“உன் அண்ணிய மத்தியானமே கரை சேத்துட்டோம். உயிர் இல்ல. பொண்ணு கெடச்சது சாயங்காலம். தனியா மெதந்துக்கிட்டு இருந்தா. நான்தான் தூக்குனேன். அதே எடத்துல, மேல்கையில, அஞ்சு விரல் அழுத்தின பள்ளம்...”

“மாமா...”

“நான் அவள நல்லாப் புடிச்ச பிறகுதான்மா அது விட்டுச்சு. ஒவ்வொரு விரலா.”