தன் வீட்டுக்கே பார்சல் அனுப்பியவன்

அந்தக் கதையைப் பார்சல் கம்பெனிக் கிடங்குக்குக் கொண்டுவந்தவர் வேன் டிரைவர். அவர் கண்ணால் கண்டதில்லை. மேற்குக் கிளைக் கவுண்டரில் இருக்கும் மச்சினன் சொல்லி, வீட்டுக்காரி கேட்டு, அவள் இவர் காதில் போட்டது. வரும் வழியில் கொஞ்சம் சதையும் போட்டிருந்தது.

"ஒரு ஆள் வர்றான். நல்லா டிப்டாப்பா. ஒரு அட்டைப் பெட்டியைக் கவுண்டர்ல வைக்கிறான். தூக்கிப் பார்த்தா காத்து மாதிரி இருக்கு. எழுதுற விலாசம் எது தெரியுமா? அவன் வீட்டு விலாசமேதான்! கவுண்டருக்கு எதிர்த் தெரு!"

"கழண்ட கேஸா?" என்றாள் லேபிள் ஸ்கேன் செய்கிற பெண்.

"என் மச்சினனும் கேட்டுட்டான். 'சார், கையில எடுத்துட்டு நாலு எட்டு நடந்தா வீடு வந்துடுமே'ன்னு. அதுக்கு அந்த ஆள் சிரிச்சுக்கிட்டே, 'இது எங்க போய்ச் சேருதுன்னு பார்க்கணும்'னானாம்."

"எங்க போகும், அவன் தலைக்கு மேலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். விலாசக்காவும் சிரித்தாள். "யார் பேருக்காம்?" என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"பொண்டாட்டி பேருக்கு."

சிரிப்பு அவள் முகத்தில் பாதியில் நின்றுவிட்டது. மேற்குக் கிளை. எதிர்த் தெரு. அந்தத் தெருவில் தன் தங்கை ஒன்பது வருஷம் குடியிருந்த வீடு அவள் கண்முன் வந்து நின்றது.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலமாகிறது. அந்தக் கிடங்கில் அவள் விலாசக்கா. கதவு எண் இல்லாத பார்சல், மழையில் எழுத்து கரைந்த பார்சல், வீடு மாறிப் போனவர்களின் பார்சல் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். போனை எடுத்து, "வணக்கம், உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு, வீடு எங்கன்னு சொன்னா இன்னைக்கே அனுப்பிடுவேன்" என்று குழைவாக ஆரம்பிப்பாள். எதிர்முனையில் இருப்பவர்கள் மளமளவென்று கொட்டிவிடுவார்கள். எந்த மாடி, எந்தப் பக்கம் படி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், நாய் கடிக்குமா என்பது வரைக்கும். கேட்காததையும் சொல்லுவார்கள். கல்யாண வீட்டில் யாரையாவது அறிமுகப்படுத்தினால்கூட, "ஓ, நீங்க பச்சை கேட், லிஃப்ட் வேலை செய்யாத வீடுதானே?" என்பாள். அவர்களுக்கு வெட்கமாக இருக்கும், அவளுக்குப் பெருமையாக இருக்கும். தன் மேஜைக்கு வந்த எதுவும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகக் கூடாது என்பது அவளுக்கு ஒரு வைராக்கியம். திரும்பிப் போகிற பார்சலைப் பார்த்தால் சாப்பாட்டில் உப்புக் குறைந்தது போல இருக்கும்.

தங்கை தன் பெண் குழந்தையோடும் ஒரே ஒரு பையோடும் அந்த வீட்டை விட்டு வந்தது போன வருஷம். கழுத்தில் இருந்த விரல் தடங்கள் மறையவே சில வாரங்கள் ஆயின. அக்கா வீட்டில் தங்க முடியாது, புருஷன் முதலில் தேடி வருகிற இடம் அதுதான். அதனால் நகரத்தின் மறுகோடியில், ஒரு தையல் கடைக்கு மேலே, வெளியே படி வைத்த ஒற்றை அறை.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் சிஸ்டம்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு வந்து தங்கையின் போனில் இருந்த எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தார். "வீட்டுக்கு விலாசம் இருக்கிற மாதிரி நெட்டுக்கும் ஒரு விலாசம் உண்டும்மா. வீட்டு நம்பரைச் சொல்லாது. ஆனா எந்த ஊரு, சில சமயம் எந்தப் பேட்டைன்னு காட்டிக் கொடுத்துடும்" என்று அவர் சொன்னபோது தங்கை போனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பழைய கணக்கு அவன் போனிலும் திறந்தே கிடந்தது. அதை மூடினார். லொக்கேஷனை அணைத்தார். நம்பரை மாற்றினார். குழந்தை படம் வரைகிற டேப்லெட்டைக்கூட விடவில்லை.

"இனி காத்து வழியா யாரும் வர முடியாது" என்றார்.

"வாசல் வழியா வந்தா?" என்றாள் தங்கை.

"அதை உங்கக்கா பார்த்துப்பாங்க."

பார்த்துக்கொண்டாள். குழந்தையின் புதுக் கண்ணாடி பழைய விலாசத்துக்கு வருவதாக இருந்தது. கடையில் பணம் கட்டியது முன்னமேயே. அது அவன் கைக்குப் போகக் கூடாதென்று, விலாசக்கா தன் மேஜையிலேயே சிஸ்டத்தில் ஒரு வரி போட்டாள்: தங்கை பெயருக்கு அந்த வீட்டுக்கு எது வந்தாலும் தையல் கடை மாடிக்குத் திருப்பு. தினம் இருபது பேருக்குச் செய்கிற வேலை. யோசித்துச் செய்ததாகக்கூடச் சொல்ல முடியாது, கை தானாகச் செய்தது. கண்ணாடி வந்தது. குழந்தை போட்டுக்கொண்டு குதித்தது. அந்த வரி மட்டும் அங்கேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது மேஜைக்கு ஓடினாள். பழைய விலாசத்தை அடித்தாள்.

திரையில் வந்தது. வேறு விலாசத்துக்குத் திருப்பப்பட்டது. இன்று காலை ஒப்படைக்கப்பட்டது. வீட்டில் ஆள் கதவைத் திறக்காததால் வாசலில் வைத்துப் படம் எடுக்கப்பட்டது. படம் அனுப்பியவருக்கு அனுப்பப்பட்டது.

படத்தைத் திறந்தாள். மிதியடி மேல் அட்டைப் பெட்டி. பக்கத்தில் குழந்தையின் இரண்டு செருப்புகள், ஒன்று கவிழ்ந்து. கதவில் எண். படத்தின் ஓரத்தில் கீழே தையல் கடைப் பலகையின் கால்வாசி, படிக்கிற அளவுக்குத் தெளிவாக. இத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளித்தது எல்லாம் ஒரே படத்தில், வெயிலில் பளிச்சென்று இருந்தது.

அனுப்பியவர் நம்பரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் பார்த்தாள். அவன் நம்பர்தான்.

தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அக்கா நம்பர் என்றால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறவள் எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள். மாடியில் துணி காயப்போடுவாள். மறுபடி போட்டாள். பயத்தில் அந்த வரியை சிஸ்டத்திலிருந்து அழித்தாள், இனி அழித்து என்ன என்று தெரிந்தே அழித்தாள். தையல்காரர் நம்பருக்காகக் கை தேடியது. நம்பர் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லி வைத்திருந்ததே அவள்தான்.

"அக்கா, என்ன, முகமெல்லாம் வேர்த்து..." டிரைவர் டீக் குவளையோடு வந்து நின்றார்.

"அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்துடுச்சு" என்றாள் அவள். "என் தங்கச்சிகிட்ட."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குவளையைக் கீழே வைத்தார். "போலீசுக்குப் பேசுங்க. நான் வண்டியை எடுக்கறேன்."

காவல் நிலையத்தில் எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். "விலாசம் சொல்லுங்கம்மா."

ஊர் முழுக்க விலாசம் கேட்டுப் பழகிய வாய் திறக்கவில்லை. தையல் கடை மாடியை இதுவரை அவள் ஒரு மனிதரிடமும் உரக்கச் சொன்னதில்லை. குரலைக் கேட்டு இது யாரோ, நிஜமாகவே போலீஸ்தானோ என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? விலாசம்?"

சொன்னாள். கதவு எண், தெரு, வெளிப்படி. சொல்லும்போதே தானே அவர்களைத் தெருவில் நிறுத்தியது போல உடம்பு கூசியது.

"பக்கத்து வண்டிக்குச் சொல்றேன். நீங்க தனியா அங்க போகாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

வேன் உறுமியது. மேற்பார்வையாளர் கதவருகே ஓடி வந்தார். "யோவ், லோடு பாதி ஏத்தாம எங்கய்யா போறே?"

"டெலிவரிக்குத்தான் சார்!" என்று கத்திவிட்டு டிரைவர் வண்டியைத் திருப்பினார். விலாசக்கா ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் சாலைக்கு வந்துவிட்டார்கள்.

"எப்போ படம் போயிருக்கு?" என்று கேட்டார்.

"காலையில."

மேற்குக் கிளையிலிருந்து தையல் கடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர்கள் இருவருக்கும் தொழில்முறையில் தெரியும். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. முன்னால் ஒரு பேருந்து, அதற்கு முன்னால் இன்னொன்று.

"எடுடி" என்று போனிடம் சொன்னாள். "ஒரு தடவை எடுடி. திட்ட மாட்டேன்."

மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள். பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. அவள் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.