வணக்கத்திலேயே முடிந்த என் பேச்சு

இரண்டு வருடங்களுக்கு முன், இலையுதிர் காலத்தில் ஒரு காலை நேரம். இடம், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோவில் இருக்கும் நகரசபைக் கட்டடம். எங்கள் பகுதிக் கவுன்சிலர்கள் கூடி, எந்த வீதிக்கு சிக்னல் வேண்டும், எங்கே கார் நிறுத்தக்கூடாது என்றெல்லாம் முடிவெடுக்கும் கூட்டம் அது. முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டுப் போனால் பொதுமக்களும் பேசலாம். அன்று பேசப் போனவர்களில் நானும் ஒருவன்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில். பஸ் தரிப்பிடம் வீதிக்கு எதிர்ப்பக்கம். சிக்னல் உள்ள சந்திக்குப் போவதென்றால் நல்ல தூரம் நடக்க வேண்டும். பனிக்காலத்தில் வயதானவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. அதனால் எல்லோரும் கட்டடத்துக்கு நேரே, கார்களுக்கு நடுவில் இடைவெளி பார்த்து ஓடுவோம். அப்படிக் கடக்கும்போதுதான் எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கும் ஒரு அன்ரியை கார் ஒன்று இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கைத்தடியோடு வீட்டுக்கு வந்தவர், அதன்பிறகு வெளியே இறங்கவே இல்லை. கோயிலும் இல்லை, கடையும் இல்லை.

கட்டடத்தார் எல்லோரும் சேர்ந்து அந்த இடத்தில் பாதசாரிகளுக்கு ஒரு சிக்னல் கேட்டோம். அங்கே கடப்பவர்களின் தொகை போதாது, ஆகவே சிக்னல் தேவையில்லை என்று அதிகாரிகளிடமிருந்து பரிந்துரை வந்தது. கவுன்சிலர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் விஷயம் முடிந்தது. எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டும்.

"அண்ணை, நீங்கள்தானே மைக் பிடிச்சுப் பழகின ஆள்" என்று எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள்.

அது உண்மைதான். பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், அரங்கேற்றம், அறுபதாவது பிறந்தநாள் என்று இந்த ஊரில் நான் ஏறாத மேடை குறைவு. வேலை என்னவோ வெயார்ஹவுசில் பெட்டி அடுக்குவதுதான். ஆனால் மைக்கைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். கூட்டத்துக்கு முதல்நாள் அன்ரி போன் எடுத்து, "சிக்னல் லைற் வந்துதெண்டா நான் திரும்பக் கோயிலுக்குப் போவன், தம்பி" என்றார். விடிந்து நான் புறப்படும்போது மனைவி, "சுருக்கமாக் கதையுங்கோ. அங்க ஒருத்தரும் பொன்னாடை போடமாட்டினம்" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டம் தொடங்கும்வரை மண்டபத்துக்கு வெளியே ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், என் வயதுதான் இருக்கும். இங்கே பேசுவது இதுதான் முதல்தரமா என்று கேட்டார். தலையாட்டினேன். வேண்டுமானால் எனக்குச் சொல்லிப் பாருங்கள் என்றார். வணக்கங்களை விட்டுவிட்டு, மனப்பாடம் செய்துவைத்த பேச்சை ஆங்கிலத்தில் அவருக்கு ஒப்புவித்தேன்.

அந்தப் பேச்சின் கடைசியில்தான் என் துருப்புச்சீட்டு இருந்தது. கடப்பவர்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் பயத்தினால்தான் குறைந்தார்கள். அன்ரியைப் போல வயதானவர்கள் எத்தனையோ பேர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். வீட்டுக்குள் இருப்பவரை வீதியில் நின்று எண்ண முடியாது.

அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, கடைசியாகச் சொன்னதை முதலில் சொல்லுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ, மேடைப் பேச்சைப் பற்றி இந்த மனுசனுக்கு என்ன தெரியும் என்று இருந்தது. சபை நிமிர்ந்து உட்காரும் முன்னே முத்தான விஷயத்தைக் கொட்டிவிடுவதா?

என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடம் என்றார் தலைமை வகித்த பெண்மணி. எங்கள் மேடைகளில் மூன்று நிமிடம் என்றால் குறைந்தது கால்மணி நேரம். நான் நிதானமாகத் தொடங்கினேன். தலைவர் அவர்களுக்கு வணக்கம். கவுன்சிலர்களுக்குப் பெயர் பெயராக வணக்கம். அதிகாரிகளுக்கு, வாசலில் நின்ற காவலாளிகளுக்கு, வருகை தந்த பெரியோர்களுக்கு, தாய்மாருக்கு வணக்கம். எங்கள் கூட்டங்களில் ஒருவருடைய பெயர் விடுபட்டால் பிறகு அவர் வருடக்கணக்கில் முகம் கொடுக்கமாட்டார். அந்தப் பயம் என் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. அதன்பின் வாய்ப்பளித்தமைக்கு நன்றி, கட்டட மக்களுக்கு நன்றி, மல்வேர்னின் சிறப்பு. அன்ரியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டது.

இன்னும் ஒரு நிமிடம் தாருங்கள் என்று கெஞ்சினேன். தலைவி அன்பாகத்தான் பார்த்தார், ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி என்றார். என்னிடம் கேள்வி ஏதும் உண்டா என்று கவுன்சிலர்களைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே. திரும்பிவந்து கதிரையில் உட்காரும்போது உடம்பெல்லாம் கூசியது. அன்ரிக்கு எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

அடுத்ததாக அதே விஷயத்தில் பேச எழுந்தவர், வாங்கில் என்னோடு இருந்த அந்த மனிதர். இந்த சிக்னல் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றார். நான் திடுக்கிட்டுப் போனேன். அவருடைய வீடு எங்கள் கட்டடத்துக்கு எதிரேயாம். சிக்னலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தத் தடை என்பதால், அது வந்தால் வீட்டுக்கு முன்னால் ஒரு காரும் நிறுத்த முடியாது. ஆனால் அதை விளக்கப் போகாமல் இப்படிச் சொன்னார்:

"எனக்கு முன் பேசியவர் முக்கியமான விஷயத்தைச் சொல்லாமலே இறங்கிவிட்டார். வெளியே வைத்து அதை நான் கேட்டேன். நீங்களும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் நியாயம்."

பிறகு என் பேச்சை, என்னைவிட நன்றாகச் சொன்னார். அன்ரிக்கு இடுப்பு முறிந்ததை, அவர் வீட்டை விட்டு இறங்காததை, எதையும் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருப்பவரை எண்ண முடியாது என்ற இடத்தில் ஒரு கவுன்சிலர் நிமிர்ந்து பார்த்தார். அதற்கெல்லாம் பிறகுதான் தன் கதைக்கு வந்தார். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அவருடைய அப்பாவைப் பார்க்க வரும் தாதி, காரை நிறுத்துவது அந்த இடத்தில்தானாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் மணி அடித்துவிட்டது.

கவுன்சிலர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசி வாக்கெடுத்தார்கள். சிக்னல் போடுவதென்று முடிவாயிற்று.

வெளியே ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். அத்தனை வணக்கம் சொன்ன என் வாயில் நன்றி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அவர், எனக்கு இப்போதும் அந்த சிக்னலில் விருப்பமில்லை என்றார். உங்கள் அன்ரியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு, தெரியாத மாதிரி நின்று பேச முடியவில்லை என்றும் சொன்னார். கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. அப்பா தனியாக இருப்பார் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

அடுத்த வருடம் சிக்னல் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் அன்ரியைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பொத்தானை அழுத்தியதும் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. அன்ரி நடு வீதியில் நின்று, "உந்தக் கார் எல்லாம் எனக்காகவோ நிக்குது?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி, நீங்கள் ஆறுதலா, மெல்ல மெல்ல நடவுங்கோ" என்றாள் மனைவி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தாதி இப்போது பக்கத்துத் தெருவில் காரை விட்டுவிட்டு, பனியிலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதைப் பார்க்கிறேன். அந்த மனிதர் எனக்காகத் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. என் பக்கத்து நியாயத்தையும் சபையில் வைத்துவிட்டு, அதனால் தான் தோற்றாலும் பரவாயில்லை என்று நின்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்று மைக் கைக்கு வரும்போதெல்லாம் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன், செய்திருப்பேன் என்று சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அப்படியும் ஒரு மனிதர் நடந்துகொள்வார் என்று காட்டியதற்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.