இரண்டு எண்ணிச் சிரித்தவர்

எங்கள் அலுவலகத்தில் சிரிப்புக்கும் பதவி வரிசை உண்டு. முதலில் உதவி மேனேஜர் சிரிப்பார். அடுத்து மேற்பார்வையாளர்கள். பிறகு புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நாங்கள். கடைசியாகப் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் மெக்கானிக்குகள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கூட்டம் நடக்கும். மேனேஜரிடம் மொத்தம் பதினொரு ஜோக்குகள் இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் பதினொன்றுதான்.

என் பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் டிரம்ஸ் என்றே கூப்பிட்டோம். வயது நாற்பத்தைந்து. எவராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு போன் செய்தால் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று நிதானமாகச் சொல்வார். கைகள் அந்த நேரத்திலும் இரண்டு பேனாக்களால் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருக்கும். பதினேழு வயதில் ஒரு ராக் குழுவின் கேசட்டைக் கேட்டாராம். அன்று பிடித்த கிறுக்கு. அலுவலகச் சட்டைக்குள்ளே அந்தக் குழுவின் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் இருக்கும். வெளுத்து வெளுத்து, படத்தில் நாலு பேரில் இரண்டு பேர்தான் மிச்சம்.

அந்தக் குழு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. போன வருடம் அறிவிப்பு வந்தது: கடைசிச் சுற்றுப்பயணம், நாலு மணி நேர தூரத்து நகரத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சி, சனிக்கிழமை சாயங்காலம். டிரம்ஸ் அன்றே டிக்கெட் எடுத்துவிட்டார். பாடுகிறவருக்கு எழுபதை நெருங்குகிற வயது, இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. இனி வருவார்கள் என்று நம்ப வழியில்லை. எங்களுக்கோ சனிக்கிழமையும் வேலை நாள். லீவ் வேண்டும், அதற்கு மேனேஜர் மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் மனம் எதில் குளிரும் என்று உலகத்துக்கே தெரியும்.

அதனால் டிரம்ஸ் சிரிக்க ஆரம்பித்தார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேனேஜரின் கடைசி வார்த்தைக்குப் பிறகு இரண்டு எண்ண வேண்டும். அதற்கு முன்னால் சிரித்தால் ஜால்ரா. மூன்றைத் தாண்டினால் அவமரியாதை. உதவி மேனேஜர் பாவம், எப்போதும் ஜோக் முடியும் முன்பே விழுந்து விழுந்து சிரித்துக் காரியத்தைக் கெடுப்பார். டிரம்ஸுக்குத் தாளம் ரத்தத்தில் இருந்தது. பேனாவால் நோட்டின் மேல் இரண்டு தட்டு, உடனே சிரிப்பு. நாலு வாரத்தில் உதவி மேனேஜர் அந்தப் பேனாவைப் பார்த்துச் சிரிக்கப் பழகினார். அப்புறம் மேற்பார்வையாளர்கள். அப்புறம் நாங்கள். மேனேஜருக்கே தன் ஜோக்குகளின் மேல் புது மரியாதை வந்துவிட்டது.

"இது நம்ம தொழில்ல மட்டும்தாம்ப்பா. மேல போறவனும் நம்மளைத்தான் திட்டுவான், கீழ வர்றவனும் நம்மளைத்தான் திட்டுவான்" என்பார். தட்டு, தட்டு. கூடமே அதிரும். பின்சுவர் மெக்கானிக்குகள்கூட ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

ஆறு மாதம் ஒரு திங்கள்கூடத் தவறாமல் இப்படிச் சிரித்துவிட்டு, நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கையில் லீவ் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். நானும் ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க உள்ளே நின்றிருந்தேன். மேனேஜர் தேதியைப் பார்த்தார்.

"அன்னைக்கா? அன்னைக்குத்தானேப்பா கம்பெனியோட இருபத்தஞ்சாவது வருஷ விழா. டைரக்டர் வர்றார். நான் பேசணும்."

"தெரியும் சார். அன்னைக்குப் புகார்ப் பிரிவை இவரே பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார்" என்று என்னைக் காட்டினார் டிரம்ஸ்."

"புகாரை யார் வேணா பார்த்துக்கலாம். நீ இல்லாம நான் எப்படிப் பேசறது? நீ சிரிச்சாத்தானே மத்தவனுக்கெல்லாம் புரியுது." படிவத்தை மெதுவாக மடித்தார். "ஒண்ணு பண்ணு. உன் ஆளுங்களைக் கச்சேரிய ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

பன்னிரண்டாவது ஜோக்.

டிரம்ஸ் கையில் பேனா இல்லை. விரல் மட்டும் தொடையில் இரண்டு முறை அசைந்தது. சிரித்தார். சரியான இடத்தில், சரியான அளவு. அவர் சிரித்ததும் நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது வரவில்லை என்பதே வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

டிக்கெட்டைத் தன் மனைவியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். நிகழ்ச்சி தொடங்கியதும் போன் போட்டுத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தார். விழாவில் இரண்டாவது வரிசையில், மேடைக்குத் தெரிகிற மாதிரி அவரை உட்காரவைத்திருந்தார்கள். மேனேஜர் மூன்றாவது ஜோக்கில் இருந்தபோது டிரம்ஸின் சட்டைப் பை துடித்தது. பக்கத்திலிருந்த எனக்கே தெரிந்தது. அவர் தொடவில்லை. துடித்து, நின்று, மறுபடி துடித்தது. அவர் விரல் இரண்டு முறை தட்டியது, முந்நூறு பேர் சிரித்தார்கள். டைரக்டர் மேனேஜரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். விழா பிரமாதம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போடப் போயிருந்தார். நள்ளிரவுக்கு மேல் வந்து படுத்து, அப்போதுதான் எழுந்த மைத்துனன் சோபாவில் சரிந்து கிடந்தான்.

"ரெண்டு தடவை போட்டேன் மாமா, நீங்க எடுக்கவே இல்ல."

"வேலையில இருந்தேன். எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"மொதல்ல எந்தப் பாட்டு பாடினாங்க?"

மைத்துனன் யோசித்தான். நிஜமாகவே முயற்சி செய்தான். "தெரியல மாமா. எனக்கு எல்லாம் ஒரே பாட்டு மாதிரிதான் இருந்துச்சு. பாதியில கெளம்பிட்டேன், கடைசி பஸ் போயிடுமேன்னு."

டிரம்ஸ் அவனைப் பார்த்தார். ஒன்று, இரண்டு. சிரித்தார். திங்கட்கிழமைச் சிரிப்பு, பிசகாமல் அதே அளவு, அதே நீளம். மைத்துனனும் கூடவே சிரித்தான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் மனைவி காலி வாளியோடு வாசலில் வந்து நின்றார். கணவர் முகத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் திரும்பினார்.

"யாரோ சிரிச்சாங்களே, புதுக் குரலா இருந்துச்சு. நீங்களாண்ணா?"

டிரம்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.