கூட்டிப் பெருக்கிய மேய்ச்சல் நிலம்

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான புதிது. புகுந்த வீடு அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஊருக்கு வடக்கே பெரிய மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சொந்த நிலம் கிடையாது. கூலி வேலை இல்லாத நாட்களில் அங்கே மேய்ந்த ஆடுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. மாமனார் இறந்த பிறகு என் மாமியார் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியதும் அந்த ஆடுகளை வைத்துத்தான்.

அந்த மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று ஒரு கம்பெனி நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டது. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வழக்கம்போல வேடிக்கை பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாமியார் விடவில்லை. வீடு வீடாகப் போய் மனுவில் கைநாட்டு வாங்கினார். என்னையும் இழுத்துக்கொண்டு உடையார்பாளையம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடைசியில், ஒரு அதிகாரி நேரில் வருவார், அவர் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் முடிவு என்று சொன்னார்கள். பாதி ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பஸ் ஏறினோம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதிகாரி வருவதற்கு முதல் நாள் மாமியார் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.

"அவ்ளோ பெரிய மனுசரு நமக்காவ வராரு. சாணியிலயா காலு வைப்பாரு?"

அதுவரை மனுவில் கைநாட்டு வைக்கவே யோசித்த ஆட்கள்கூட இதற்கு ஓடி வந்தார்கள். சாணியை அள்ளினோம், புழுக்கையைக் கூட்டினோம். ஆடு மாடு குறுக்கே வந்து மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று அவரவர் வீட்டிலேயே கட்டிப்போட்டோம். ஜீப் வந்து நிற்கிற இடத்தில் நான்தான் கோலம் போட்டேன். கல்யாண வீடு தோற்றது, போங்கள்.

மறுநாள் அதிகாரி வந்தார். இளநீர் குடித்தார். நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு மாமியாரிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஊரு ஆடு மாடெல்லாம் மேயுற எடம்னு எழுதியிருக்கீங்க. ஒரு புழுக்கைகூடக் காணமேம்மா?"

மாமியார் முகம் வெளுத்துவிட்டது. "நாங்கதாங்க கூட்டி வச்சோம். ஐயா வரீங்கன்னு..."

அதற்குள் நாலைந்து பேர் வீட்டுக்கு ஓடி ஆடுகளை அவிழ்த்து விரட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து அதிகாரி லேசாகச் சிரித்தார். தன்னிடம் காட்டுவதற்காக ஓட்டி வருகிறோம் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கண்ணில் பட்டதைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பயன்பாட்டில் இல்லாத தரிசு என்று முடிவாகி உத்தரவு வந்தது. திரும்ப மனு போட்டுப் பார்த்தோம், எடுபடவில்லை. கம்பி வேலி போட்டார்கள், வெடி வைத்துக் குழி தோண்டினார்கள். மேய்க்க இடமில்லாமல் ஒவ்வொரு வீட்டு ஆடும் சந்தைக்குப் போயிற்று. எங்கள் கடைசி ஆட்டை விற்றுவிட்டு வந்த அன்று மாமியார் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "என் கையாலயே கூட்டித் தள்ளிட்டனே" என்று அழுதார். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அதே குழிக்குக் கல் சுமக்கப் போனார். நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. எனக்கு இப்போது அந்தக் கம்பெனி மேலோ அதிகாரி மேலோகூட அவ்வளவு கோபமில்லை. எங்கள் பிழைப்பைப் பார்க்க வந்த மனிதரிடம் அதன் சாணியைக் காட்டக் கூசினோமே, அந்தக் கூச்சத்தின் மேல்தான் கோபம் ஆறவே இல்லை.