வயிற்று உப்பலுக்குச் சோடாவா?

இன்று மார்ச் ஆறாம் தேதி. எனக்கு வயது எழுபத்திரண்டு, நான்கு மாதம். இந்த வயதில், கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்தில், முன்பின் தெரியாத பெண்ணின் கையிலிருந்து சோடா பாட்டிலைப் பிடுங்கினேன்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து அவளுக்கு ஆறாம் நாள். மருத்துவரிடம் தையலைக் காட்டப் போகிறாள். சோடாவை நீட்டியவள் அவளுடைய நாத்தனார்.

"ஆபரேஷன் பண்ணியும் வவுறு உப்பிக்கினு கீதேடி! இத்தக் குடி, கேஸு ஏப்பமா பூடும்."

"எல்லாம் வீணா பூட்ச்சா அண்ணி?" என்று அவள் கண்கலங்கினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிகிச்சையின்போது உள்ளே செலுத்திய வாயுதான் அது, தோள்கூட வலிக்கும், சில நாளில் தணியும் என்றேன். மெல்ல நடக்க வேண்டும், தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும், சோடா கூடவே கூடாது என்றேன். காய்ச்சலோ, ஓயாத வாந்தியோ, கூடிக்கொண்டே போகும் வலியோ வந்தால் உடனே மருத்துவரிடம் ஓடச் சொன்னேன்.

நாத்தனார் முறைத்தாள். "நீ இன்னா டாக்டரா, ஆயா?"

அந்தப் பெண்ணின் கை மறுபடியும் சோடாவுக்கு நீண்டது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். கை நின்றது.

இங்கே நான் போட்ட நடைப்பயிற்சிப் பதிவுகளுக்கெல்லாம் இதயம் போட்டவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கீழே திட்டுங்கள்: நான் இளைத்தது நடந்து அல்ல. அதே அறுவை சிகிச்சையால்தான்.