ஆறு நிமிஷம் பேசக்கூடாது

மஸ்கட் ஏர்போர்ட்டில் நான் வீல்சேர் தள்ளுகிறேன். வந்த புதிதில் ஒன்று விளங்கவில்லை. விமானத்திலிருந்து சேரில் உட்கார்ந்து வருகிறவர்கள் சிலர், வெளிவாசல் வந்ததும் எழுந்து விறுவிறுவென்று டாக்சிக்குப் போவார்கள். ஊரில் இதைப் படிக்கிற நீங்கள் ஏமாற்று என்பீர்கள். இல்லை. இங்கே நடையில் மூன்று ரகம். தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், சீட்டுவரை தூக்கிப்போக வேண்டியவர். டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். என் மகள் எஸ்தர் முதல் ரகம். அதிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம்.

எஸ்தருக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடந்தால் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகும், குதிகால் தரையில் படாது. சாலவாக்கம் பக்கம் எங்கள் காலனியில், அவள் வந்தால் கோழிகூட வழிவிடும் என்று என் தம்பி கேலி பண்ணுவான். "நீ வந்தா நாயே கொலைக்குது சித்தப்பா" என்பாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உத்திரமேரூரில் அவள் நடையை அளப்பார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூட வராந்தாவின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு கூம்பு வைத்திருக்கும். ஆறு நிமிஷம் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்க வேண்டும். வளருகிற பிள்ளை. எலும்பு நீளுகிறது, சதை அதோடு சேர்ந்து நீளவில்லை. போன தடவை தூரம் குறைந்தது. இந்தத் தடவையும் குறைந்தால் சென்னையில் ஆபரேஷன் என்று, அவளுக்குக் கால் பயிற்சி கொடுக்கிற பிசியோ டீச்சர் சொல்லியிருந்தார். அப்புறம் மாசக்கணக்கில் காலில் கட்டு. என் மனைவி ஸ்டெல்லா நடவு வேலைக்குப் போக முடியாது. என் சம்பளம்தான். இந்த வருஷத்தோடு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, போகிறாயா என்று கேட்டுவிட்டு இங்கே சூப்பர்வைசர் பதிலுக்குக் காத்திருந்தார்.

அன்றைக்கு வீடியோ கால் போட்டார்கள். ஸ்டெல்லா போனைப் பிடித்துக்கொண்டு தூரத்துக் கூம்பிடம் நின்றாள்.

"எஸ்தர் அப்பா, நீங்க பாக்கலாம். பேசக்கூடாது, கைதட்டக்கூடாது. நான் மட்டும்தான் பேசுவேன்" என்றார் டீச்சர். யாராவது உற்சாகப்படுத்தினால் அளவு தப்பிவிடுமாம். நான் பேசாத ஆள். லேசு என்று நினைத்தேன்.

எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். கூம்பு வந்ததும் நின்றுவிட்டாள்.

"நைனா! வந்துட்டேன்."

"நேரம் ஓடுது, திரும்பி நடக்கலாம்" என்றார் டீச்சர்.

"நைனா இங்க கீறாரு. அங்க இன்னா கீது?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் திரும்புவாள். சொல்லக்கூடாது. என் முகம் அங்கே இருக்கிறவரைக்கும் திரும்பமாட்டாள். போனை அணைத்தேன்.

மீதியை நான் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"நீ கட் பண்ணதும் திரும்பி நடந்துட்டா. அப்புறம் ரெஸ்ட் குடுத்து, போன் இல்லாம இன்னொரு வாட்டி நடக்க வெச்சாங்க. கொறைஞ்சுதான் கீது. நின்னதால இல்லியாம். காலு இறுகுதாம்."

"சரி."

"சரின்னா இன்னா?"

"சரி."

பின்னாலிருந்து எஸ்தர் கேட்டாள். "நைனா, ஏன் ஓடிட்ட?"

"நெட்டு போச்சு கண்ணு."

"பொய்யி."

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லக் கிளம்பினேன். ஏர்போர்ட்டின் நீள வராந்தா, முகம் தெரிகிற தரை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் சிமெண்டு பேர்ந்திருக்கும். இங்கே என் மகள் எதுவரை வருவாள் என்று பார்க்கத் தோன்றியது. அவள் வேகத்தில், குதிகால் படாமல் நடந்தேன். காபிக்கடை வருமுன்னே கெண்டைக்கால் இழுத்தது. சுவரைப் பிடித்து நின்றேன்.

ஓமான்காரக் காவலர் ஒருவர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"யூ சிக்? சிட், சிட்."

"நோ சிக் சார். மை டாட்டர். வாக்கிங்."

"வேர்?" என்று எனக்குப் பின்னால் வராந்தாவை எட்டிப் பார்த்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.