பட்டறையின் காது

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், வண்டி உறுமத் தொடங்கி, நடுவில் ஒரு துடிப்பை விழுங்கி, மறுபடி உறுமியது.

அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷ மெக்கானிக். மேடு பள்ளம் பாராமல் ஏறுகிற நாலு சக்கர பைக் என்றால் சுற்று வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. எஞ்சினின் நோய்க்கு அந்த வீட்டில் இரண்டே பெயர். இருமல் என்றால் பெட்ரோல் வரும் வழியில் கோளாறு. விக்கல் என்றால் ஸ்பார்க் பிளக்.

இரண்டு வருஷமாக அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. வெளியே தெரிந்தால்? காது மந்தமான மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? அதனால் அவள் டீ கொண்டுபோகிற சாக்கில், இருமலா விக்கலா என்று அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி உதட்டை அசைத்துவிட்டு வருவாள். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ஒரு மில்லின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். மறுமுனையில் அழுகையை அடக்கிப் பேசுகிறவர்களைக்கூடக் கண்டுபிடித்த காது அது.

இந்த வாரம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வந்ததே இன்று காலையில்தான்.

"என்ன மேஸ்திரி, மூணாவது தடவை!" பழத்தோட்ட முதலாளியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "கார்புரேட்டரைக் கழட்டிக் கழட்டி மாட்டுறீங்க. முடியலன்னா சொல்லிடுங்க, டவுன்ல காட்டிக்கிறேன். வயசாச்சுல்ல."

அந்தக் கடைசி வார்த்தை அவள் நெஞ்சில் தைத்தது. டீ போடவில்லை. வெறுங்கையோடு போய் நின்றாள்.

"இது இருமல் இல்லீங்க. விக்கல்," என்றாள், வாய்விட்டு.

முதலாளி சிரித்தார். "பிளக் நேத்து மாட்டின புதுசும்மா. இது என்ன மிக்ஸியா?"

"மிக்ஸின்னா அஞ்சே நிமிஷம். இது சூடு ஆறணும்."

கணவரின் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்: "ஏங்க, பிளக்கு மாட்டும்போது கீழ விழுந்துச்சா?"

அவர் தலை குனிந்தார். "நழுவிடுச்சு. தொடைச்சுட்டு மாட்டிட்டேன்."

எஞ்சின் ஆறியதும் அவளே ஸ்பேனரை எடுத்தாள். பிளக்கின் மூடியை இழுத்தாள். குழிக்குள் மண் விழாதபடி சுற்றிலும் ஊதினாள். பிறகு கழற்றிக் காட்டினாள். விழுந்த வேகத்தில் வளைந்த முனை, எதிர்முனையை முத்தமிடாத குறையாக ஒட்டியிருந்தது. பொறி பறக்க இடமே இல்லை.

பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து, முனைகளுக்கு நடுவே அளவுத் தகட்டை நுழைத்து இடைவெளி பார்த்து, விரலாலேயே மரையில் கடைசிவரை திருகினாள். அதன் பிறகுதான் ஸ்பேனர், அதுவும் அரைச் சுற்று. முரட்டுத்தனம் ஆகாது.

வண்டி பிடித்துக்கொண்டது. ஒரே சீரான உறுமல்.

"பாத்தீங்களா, சரி பண்ணிட்டாரு," என்று அவள் வழக்கம்போலப் பின்வாங்கப் பார்த்தாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கண்கள் தளும்பின, குரல் தளும்பவில்லை.

"நான் பண்ணல முதலாளி. எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல, ரெண்டு வருஷமாச்சு. இந்தப் பட்டறைக்குக் காது இவதான். கையாவது என்னுதுன்னு நெனச்சேன்... இன்னிக்கு அதுவும் இவளுதுதான்."

அவள் வெடுக்கென்று கையை இழுத்தாள். கட்டிக் காத்த ரகசியத்தை மனுஷன் இப்படிப் போட்டு உடைக்கிறாரே!

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் இன்னும் ரெண்டு வண்டி வரும், மேஸ்திரியம்மா," என்றார், அவளைப் பார்த்து. "நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

வண்டி தெருமுனை திரும்பியது. அவள் நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே பட்டறைக் கதவைச் சாத்தினாள்.